ரத்தும் காப்பும்: நிறுத்தப்பட்ட போர்க்கலைத் தொடர்கள் எங்கே போகின்றன?

ஆரணியாற்று அணையை ஒட்டிய பிச்சாட்டூரில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. பேருந்து வராத நாளில் இரு மொழியாரும் சொல்லும் சொல் ஒன்றே: ரத்து. தெலுங்கில் அச்சொல்லின் தகரம் மெலிந்து ஒலிக்கும், வேறுபாடு அவ்வளவே. மறுத்தல், திருப்பி அனுப்புதல் எனப் பொருள்படும் அரபுச் சொல் ஒன்று பாரசீகம், உருது வழியாக வந்து, முதலில் கச்சேரி மொழியாகவும் பின்னர் அன்றாட மொழியாகவும் இரண்டிலும் நிலைத்தது. பட்டா ரத்தாகும், தேர்வு ரத்தாகும், இரயில் ரத்தாகும். இவ்வாக்கியங்களில் எழுவாய் போலத் தோன்றுவது உண்மையில் செயப்பாட்டுக்கு உள்ளான பொருளே. ரத்து செய்பவர் வேறெங்கோ இருக்கிறார். கையெழுத்திடும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. வாக்கியத்துக்குள் அவர் வருவதில்லை.

இதே வட்டாரத்தில், புத்தூர் முதலான ஊர்களின் திரௌபதி சமேத தர்மராசர் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவுக்கு இச்சொல் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து அல்லது நாடகம், கடைசியில் துரியோதனன் வதமும் தீமிதியும் எனப் பல நாள் தொடரும் அவ்விழா, கதையமைப்பிலும் ஆட்ட முறையிலும் ஒரு போர்க்கலைத் தொடர்நாடகம். ஒவ்வோர் இரவும் ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சண்டை. முடிவு எல்லார்க்கும் தெரிந்திருந்தும் மறுநாள் இரவும் கூட்டம் வரும். அதனை நிறுத்தும் கையெழுத்து யாருடையது என்று கேட்டால் விடை எளிதில் கிடைக்காது.

போர்க்கலையை மையமாகக் கொண்ட புதிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று ரத்தான பின்னும் பிழைக்குமா என்னும் கேள்வியைப் பெரும்பாலும் இரசிகர்களின் பற்று, பார்வையாளர் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்தே பேசுகின்றனர். நிறுத்தும் உரிமை யாரிடம் இருந்தது, நிறுத்தியவர் கைக்கு எட்டாமல் எஞ்சி நின்றது எது என்று பார்த்தால் அதே வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது.

அண்மைக்காலத்தில் அதிகம் பேசப்பட்ட நிகழ்வு ‘வாரியர்’. 1971 டிசம்பரில் ஹாங்காங்கில் கனடியப் பத்திரிகையாளர் பியர் பெர்ட்டனுக்கு அளித்த நேர்காணலில் புரூஸ் லீ இப்பெயருடைய ஒரு தொடர்த் திட்டத்தைக் குறிப்பிடுகிறார். 1973 சூலை 20 அன்று அவர் இறந்தபோது அது தாளில்தான் இருந்தது. இதனிடையே 1972இல் ‘குங் ஃபூ’ என்னும் தொடர், சீனத் துறவி வேடத்தில் ஒரு வெள்ளை அமெரிக்க நடிகருடன் வெளிவந்து மூன்று பருவங்கள் ஓடியது. அந்த வேடத்துக்கு லீயின் பெயர் பரிசீலிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. ஒரு தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பே ரத்தாகக் கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

லீயின் மகள் ஷானன் லீ காத்து வைத்திருந்த அக்குறிப்புகளிலிருந்து உருவான தொடர் 2019 ஏப்ரலில் சினிமாக்ஸ் அலைவரிசையில் வெளிவந்தது. 1870களின் சான் பிரான்சிஸ்கோவில் சீனக் குழுக்களிடையே நிகழ்ந்த மோதல்கள் அதன் களம். படப்பிடிப்பு நடந்த இடமோ தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். 2020இல் சினிமாக்ஸ் சொந்தத் தயாரிப்புகளையே கைவிட்டது. தொடருக்குத் தனியே குறை எதுவும் சொல்லப்படவில்லை, கடையே மூடப்பட்டது. முதலிரு பருவங்களும் தாய் நிறுவனத்தின் எச்பிஓ மேக்ஸ் தளத்துக்கு மாற்றப்பட்டு அங்கே புதிய பார்வையாளர்களைப் பெற்றதால் 2021 ஏப்ரலில் மூன்றாம் பருவம் அறிவிக்கப்பட்டது. அது 2023 சூன் இறுதியில் வெளிவந்தபோது எழுத்தாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. சூலை நடுவில் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கவே, தங்கள் தொடரைப் பற்றி அவர்கள் விளம்பரமாக எதுவும் பேச இயலவில்லை. டிசம்பரில் மீண்டும் ரத்து. 2024 பிப்ரவரியில் மூன்று பருவங்களும் நெட்ஃபிளிக்ஸ் தளத்துக்கு வந்தன. நான்காம் பருவம் வரவில்லை.

இதனோடு ‘கோப்ரா காய்’ தொடரை ஒப்பிட வேண்டும். கராத்தேயை மையமாகக் கொண்ட அத்தொடர் 2018இல் யூடியூபின் கட்டணச் சேவையில் தொடங்கியது. யூடியூபும் இத்தகைய கதைத் தொடர்களிலிருந்து பின்வாங்கியது. ஆனால் கோப்ரா காய் 2020இல் நெட்ஃபிளிக்ஸுக்கு இடம்பெயர்ந்து, ஆறு பருவங்களை நிறைவு செய்து 2025 பிப்ரவரியில் தன் விருப்பப்படி முடிந்தது. இரண்டையும் ஒரே வகையான நெருக்கடி தாக்கியது. இரண்டுக்கும் இரசிகர்கள் இருந்தனர். ஆயினும் கோப்ரா காயைத் தயாரித்தது சோனி. யூடியூப் வாங்குபவர் மட்டுமே. ஒரு வாங்குபவர் விலகினால் சோனி இன்னொருவரிடம் போகலாம். வாரியரைத் தயாரித்ததும் ஒளிபரப்பியதும் ஒரே குடும்பத்து நிறுவனங்கள். பழைய பருவங்களை வெளியே வாடகைக்கு விடுவார்கள். தொடரைக் கைமாற்றிக் கொடுப்பது வேறு செய்தி. சண்டைக் காட்சிகளின் தரத்தில் வாரியரே மேல் என்று சொல்வோர் பலர். அத்தரம் அதனைக் காப்பாற்றவில்லை.

உரிமையாளரும் நிறுத்துபவரும் வேறாக இருக்கும்போது பிழைப்புக்கு வழியுண்டு என்னும் இக்கணக்கு தொலைக்காட்சிக்கு முந்தியது. ஷாங்காயின் மிங்ஷிங் நிறுவனம் 1928 முதல் 1931 வரை ‘செந்தாமரைக் கோயில் எரிப்பு’ என்னும் பெயரில் 18 படங்களைத் தொடராக எடுத்தது. ஓர் இதழில் தொடர்கதையாக வந்த வாள்வீரர் புதினமே மூலம். வீரர்கள் வானில் பறப்பர். உள்ளங்கையிலிருந்து ஒளி பாயும். ஒவ்வொரு படமும் அடுத்ததற்கு ஏங்க வைத்து முடியும். இலக்கம் 18 என்பது பாரதக் கூத்தை அறிந்தவர்க்கு ஒரு புன்னகையைத் தரலாம், தற்செயல்தான். 1931இல் தேசியவாத அரசு, மூடநம்பிக்கையை வளர்ப்பதாகச் சொல்லி இவ்வகைப் படங்களைத் தடை செய்தது. அந்த 18 படங்களில் எதுவும் இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை.

வகைமை மட்டும் இறக்கவில்லை. அரசின் கை எட்டாத ஆங்கிலேயக் குடியேற்றமான ஹாங்காங் அதற்குப் புகலிடமாயிற்று. அங்கு 1949இல் தொடங்கிய வொங் ஃபே ஹுங் படவரிசையில் குவான் டாக்-ஹிங் 70க்கும் மேற்பட்ட படங்களில் அந்த ஒரே வேடத்தில் நடித்தார். செந்தாமரைக் கோயிலையே ஷா சகோதரர்கள் 1965இல் மீண்டும் எடுத்தனர். 1976இல் ஹாங்காங்கின் சிறிய அலைவரிசையான கமர்சியல் டெலிவிஷன், ஜின் யொங்கின் வாள்வீரர் புதினம் ஒன்றை முதன்முதலில் தொலைக்காட்சித் தொடராக்கியது. 1978இல் அந்த அலைவரிசையே மூடப்பட்டது. 1983இல் போட்டி நிறுவனமான டிவிபி அதே கதையை எடுத்துப் பெருவெற்றி பெற்றது. படச்சுருள் அழிந்தது, நிறுவனம் அழிந்தது. கதையும், சண்டைகளை வகுத்தவர்களின் உடற்பயிற்சியும் வேறு கைகளில் இருந்தன. பீக்கிங் ஓபரா பள்ளிகளில் சிறுவயதிலேயே பயின்றவர்கள் திரைப்படக் கூடங்களுக்குள் வந்துகொண்டே இருந்தனர். அவர்களை ஓர் ஆணையால் ரத்து செய்ய முடியாது.

இந்தியத் தொலைக்காட்சியில் இதற்கு நெருக்கமான நிகழ்வு ‘திப்பு சுல்தானின் வாள்’. பகவான் கித்வானி 1976இல் வெளியிட்ட நாவலைத் தழுவி சஞ்சய் கான் தயாரித்த அத்தொடரின் படப்பிடிப்பின்போது, 1989 பிப்ரவரி 8 அன்று மைசூரு பிரீமியர் படப்பிடிப்புக் கூடத்தில் தீப்பற்றி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சஞ்சய் கானும் கடுந்தீக்காயங்களுடன் பல மாதங்கள் மருத்துவமனையில் இருந்தார். தம்பி அக்பர் கான் இயக்கப் பணியில் தோள் கொடுத்தார். விபத்தோடு முடியவில்லை. திப்புவைப் புகழ்வது வரலாற்றைத் திரிப்பதாகும் என்ற எதிர்ப்பு எழுந்தது. ஒளிபரப்பே கூடாது என்று வழக்கும் வாதமும் நிகழ்ந்தன. முடிவில், இது நாவலைத் தழுவிய புனைவு, திப்புவின் வாழ்வையும் ஆட்சியையும் உள்ளபடி காட்டுவதாகக் கொள்ளத்தக்கதன்று என்னும் பொருளில் ஓர் அறிவிப்புடன் 1990இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. சித்தூர்ப் பகுதிக்கு இது தொலைவுக் கதையன்று. திப்புவின் தந்தை ஐதர் அலி 1782 டிசம்பர் 7 அன்று இறந்தது சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாளையத்தில்தான்.

அந்த அறிவிப்பு கூர்ந்து பார்க்கத்தக்கது. ஒரு தொடர் பிழைக்க வேண்டி, ‘நான் வரலாறு அல்ல’ என்று வாரந்தோறும் தன்னைத்தானே மறுத்துக்கொண்டது. ரத்து என்னும் சொல்லின் மூலப் பொருளான மறுப்பு, தொடரின் நெற்றியிலேயே எழுதப்பட்டது. அதன்பின் அது நிம்மதியாக ஓடியது.

தமிழ்த் தொலைக்காட்சியில் உரிமைக் கணக்கு வேறு வடிவம் எடுத்தது. 1990களில் வலுப்பெற்ற சன் தொலைக்காட்சி முறையில் தயாரிப்பாளர் நேரத்தை விலைக்கு வாங்குவார்; விளம்பரத்தைத் தாமே விற்பார்; இழப்பும் ஆதாயமும் அவருடையவை. பின்னால் வந்த அலைவரிசைகள் பெரும்பாலும் பணம் கொடுத்துத் தொடரை எடுக்கச் செய்து உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. தயாரிப்பாளர்க்கு இரண்டாவது ஏற்பாட்டில் இழப்பு குறைவு. ரத்தானால் தூக்கிச் செல்லக் கையில் ஒன்றும் இராது. 2018 பிப்ரவரியில் கலர்ஸ் தமிழ் அலைவரிசை தொடங்கப்பட்டபோது அதன் முதல் வரிசைத் தொடர்களுள் ‘வேலுநாச்சி’யும் ஒன்று. சிவகங்கை அரசியின் பெயரைத் தாங்கிய இக்காலக் கதை. சிலம்பம் ஆடும் பெண் அதன் நாயகி. மாமியார், மருமகள் பூசல்களே வணிகமாக இருந்த மாலை நேரத்தில் கம்பு சுற்றும் பெண்ணை நடுவில் நிறுத்தியது துணிவான செயல். ஆயிரம் பகுதிகளை எளிதாகக் கடக்கும் தமிழ் நெடுந்தொடர்களின் நடுவே அது நெடுங்காலம் நிற்கவில்லை.

தோல்விக்குக் காரணம் மக்களின் சுவை என்று சொல்லி நகர்வது சோம்பல். தினசரித் தொடரின் பொருளாதாரம் சண்டைக்கு எதிரானது. அறைக்குள் இருவர் பேசும் காட்சியை ஒரு முற்பகலில் பல நிமிடத்துக்கு எடுத்துவிடலாம். ஒரு நிமிடச் சிலம்பக் காட்சிக்கு ஒத்திகை, பாதுகாப்பு, பயின்ற எதிராளி, பல கோணம், பொறுமை ஆகிய அனைத்தும் வேண்டும். வாரம் ஐந்து பகுதிகள் தர வேண்டிய இயக்குநர் இரண்டாவது மாதத்திலேயே கம்பைச் சுவரில் சாத்திவிட்டுக் குடும்பச் சிக்கலுக்குத் திரும்புவது இயல்பு. பார்வையாளர் அளவீடு வியாழக்கிழமைதோறும் வரும். கம்பு சுற்றப் பழகும் கை வியாழக்கிழமைக் கணக்குக்குள் அடங்காது. போர்க்கலைத் தொடர் ரத்தாவதற்கு முன்பே அதனுள் இருக்கும் போர்க்கலை ரத்தாகிவிடுகிறது.

பாரதக் கூத்துக்குத் திரும்பினால் இதே சிக்கலுக்கு வேறு தீர்வு இருப்பதைக் காணலாம். அங்கும் உடலைப் பயிற்றும் செலவு பெரிது. புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் எனக் கல்யாணமுருக்கு மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய அணிகளைச் சுமந்துகொண்டு கிறுகிறுவெனச் சுழன்று ஆட வேண்டும். பாட்டும் தாமே பாட வேண்டும். விடியும்வரை மூச்சு நிற்க வேண்டும். இப்பயிற்சிக்கு எந்த ஓர் ஊரும் முழுச்செலவு ஏற்பதில்லை. குழு ஊர் ஊராகச் செல்கிறது. பருவம் முழுவதும் ஒரே பகுதிகளைத் திரும்பத் திரும்ப ஆடுகிறது. பகாசுரன் வதம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். புதிதாக எழுத வேண்டியது ஏதுமில்லை. கட்டியங்காரனின் அன்றைய கேலி மட்டும் புதிது. நூலும் ஒருவர் உடைமையன்று. கூத்துப் பாடல்களைச் சென்னையின் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் மலிவுப் பதிப்புகளாக அச்சிட்டுச் சந்தைகளில் விற்றனர். வாத்தியாரின் ஏடும் அச்சுப் புத்தகமும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே வந்தன.

பணம் வரும் வழியும் பிரிந்து கிடக்கிறது. தலைக்கட்டு வரி ஒரு பங்கு. நாளுக்கொரு உபயதாரர் மறுபங்கு. இந்த நாள் இந்த வீட்டாருடையது, அந்த நாள் அந்தத் தெருவாருடையது என்னும் வழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும். தொலைக்காட்சியில் ஒரு விளம்பரதாரர் விலகினால் அவருடைய பணம் போகும். உபயதாரர் விலகினால் அவருடைய முறையே போய்விடும். பங்காளி அதை எடுத்துக்கொள்வான். இதனால் விலகுவதற்கு யாரும் அவசரப்படுவதில்லை. ஊரில் பக்தி மட்டும் அன்று, பங்காளிப் போட்டியும் கூத்தைக் காத்திருக்கிறது என்பதை ஆய்வுகள் இன்னும் போதுமான அளவுக்குச் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே காப்பு. கொடியேறிக் காப்புக் கட்டிய பின் விழாவை நடுவில் விடக் கூடாது என்பது வழக்கு. காப்புக் கட்டியவர் ஊரெல்லை தாண்டி இரவு தங்கார். ஊரில் இறப்பு நேர்ந்தால் அதற்கும் முறை உண்டு. விழா தள்ளி நிற்கும், பின் தொடரும். ஒப்பந்தத்தில் ரத்துக்கு ஒரு விதி இருப்பதுபோல் காப்பில் ரத்தாகாமைக்கு ஒரு விதி இருக்கிறது. மணிக்கட்டில் கட்டிய அந்த மஞ்சள் கயிறு, எந்தத் தனி ஆளிடமும் நிறுத்தும் உரிமையை விட்டுவைப்பதில்லை. நிறுத்தினால் யார் பழி ஏற்பது என்னும் அச்சத்தை அது ஊர் முழுவதற்கும் பகிர்ந்து கொடுக்கிறது.

அரசுகள் நிறுத்த முயலாமல் இருந்தனவா என்றால், இல்லை. 1801 டிசம்பர்ப் பிரகடனத்தால் தென்பாளையங்களின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. சித்தூர்ப் பாளையக்காரர்களின் கிளர்ச்சி 1804, 1805இல் ஒடுக்கப்பட்டது. வாள் பயின்ற கூடங்களின் நினைவு இன்று சொற்களில் எஞ்சுகிறது: தெலுங்கில் ‘சாமு கரிடி’, தமிழ் அகராதியில் ‘கரடிக்கூடம்’. காட்டுக் கரடிக்கும் இக்கூடத்துக்கும் தொடர்பில்லை. கம்பு மட்டும் மிஞ்சியது, மாடு மேய்ப்பவன் கையிலிருந்து கம்பைப் பிடுங்க எந்த அரசாலும் முடியாது என்பதால். 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் நாடகங்களைத் தடுக்கும் அதிகாரத்தை ஆட்சியாளர்க்கு வழங்கியது; சென்னை மாகாணம் 1954இல் தனக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. எம்.ஆர்.ராதாவின் இராமாயண நாடகம் அதன் இலக்கு. மாநிலச் சட்டத்தைப் பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. மத்தியச் சட்டம் 2018 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. எழுத்து வடிவில் முன்கூட்டிக் கேட்கப்படும் நாடகத்தையே இச்சட்டங்களால் எளிதில் பிடிக்க முடிந்தது. விடிய விடிய வாய்க்கு வந்ததைச் சேர்த்துப் பேசும் கட்டியங்காரனிடம் எந்தக் கையெழுத்துப் படியைக் கேட்பது?

எல்லைக் கோடும் ஒரு வகை ரத்துதான். 1953இல் சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வர, தமிழகப் பக்கத்துச் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. 2022 ஏப்ரலில் பிச்சாட்டூர் புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. பள்ளி மொழி மாறியது, அலுவலக மொழி மாறியது. பாரத விழா இரண்டு மொழியையும் வைத்துக்கொண்டது. பகல் கதை தெலுங்கிலும் இரவுக் கூத்து தமிழிலும் நடப்பது இவ்வட்டாரத்தில் யாரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. ஆல்ஃப் ஹில்டெபைடெல் 1988, 1991இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட திரௌபதி வழிபாட்டு ஆய்வும், ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் வெளியிட்ட தெருக்கூத்து ஆய்வும் செஞ்சி, தொண்டைமண்டலப் பகுதிகளை நன்கு விளக்கின. இந்த இருமொழி விளிம்பு அவற்றில் ஓரமாகவே நிற்கிறது. இன்று தமிழ் எழுத்துத் தெரியாமல் வளரும் பிள்ளைகள் கூத்துப் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் குறித்துக்கொண்டால் அது தமிழ்க் கூத்தா, தெலுங்கு நாடகமா என்னும் வினா மொழியியலாளர்க்கு உரியது. ஆடுபவர்க்கு அது வினாவே அன்று.

2020 ஒரு சோதனையாக அமைந்தது. மார்ச் இறுதியில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. சித்திரையில் தொடங்க வேண்டிய கூத்துப் பருவம் முழுவதும் போயிற்று. தொடர்களின் படப்பிடிப்பும் நின்றது. அதே வாரத்தில், மார்ச் 28 முதல், தூர்தர்ஷன் தன் கிடங்கிலிருந்து பி.ஆர்.சோப்ராவின் மகாபாரதத்தை எடுத்து மறு ஒளிபரப்புச் செய்தது. 1988 முதல் 1990 வரை 94 பகுதிகளாக ஓடிய தொடர் அது. ஊர்க்களத்தில் பீமன் வராத ஆண்டில் வரவேற்பறையில் பீமன் வந்தான். பதிவு செய்யப்பட்ட நாடகத்தின் வலிமை இதுவே: ஆடியவர் முதுமையடைந்தாலும், இறந்தாலும், கிடங்கு இருந்தால் ஆட்டம் இருக்கும். ஆனால் அது முப்பது ஆண்டுக்கு முந்தைய அதே ஆட்டம். கூத்தாடிகளோ அந்த ஆண்டில் சோற்றுக்கு அலைந்தனர். ஒரு பருவ வருமானம் இல்லாமற்போனால் வேடக்காரன் கட்டட வேலைக்குப் போவான், போனவன் அனைவரும் திரும்புவதில்லை. விழாக்கள் மீண்டன. எத்தனை இளைய உடல்கள் மீண்டன என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே கூத்தைப் போற்றித் தொலைக்காட்சியைத் தாழ்த்துவது எளிது, தவறும்கூட. யாரும் ரத்து செய்ய முடியாத நாடகம் என்றால் அதை நடத்தும் ‘ஊர்’ யார் என்று கேட்க வேண்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியின் திரௌபதி அம்மன் கோயிலில் தலித் மக்கள் நுழைவதைத் தடுத்ததால் எழுந்த பூசலில் 2023 சூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலை முத்திரையிட்டு மூடினர். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற ஆணைப்படி பூசைக்கு மட்டும் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில்தான் காவல் பாதுகாப்புடன் தலித் மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர். அதே திரௌபதி, அதே பாரதம். காப்பு ஊர் முழுவதையும் கட்டுகிறது என்பது, ஊர் என்ற சொல்லுக்குள் யாரைச் சேர்த்தார்களோ அவர்களை மட்டும் குறிக்கும். தொலைக்காட்சித் தொடருக்கு அந்தக் குறை இல்லை. கம்பு சுற்றும் வேலுநாச்சியைப் பார்க்க எந்தச் சிறுமியும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மேலும், கூத்துக்கும் சாவு உண்டு. அது வேறு வழியில் வரும். வட தமிழகத்துப் பேச்சு வழக்கில் கூத்து ஏற்பாடு செய்வதைக் ‘கூத்து விடுதல்’ என்பார்கள். ‘விடு’ என்னும் வினை கைவிடுதலையும் குறிக்கும். புறப்படச் செய்தலையும் குறிக்கும். காப்புக் கட்டிய பின் கைவிட முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு கூத்து விடாமலே இருந்துவிடலாம். பதினெட்டு நாள் பத்து நாளாகும். பத்து நாள் கடைசி மூன்று இரவாகும். மீதி இரவுகளுக்கு ஒலிபெருக்கியும் மேடைக் கச்சேரியும் வரும். இதற்கு யாரும் ஆணை பிறப்பிப்பதில்லை. யாரும் எதிர்ப்புக் கடிதம் எழுதுவதுமில்லை. வாரியருக்கு இரசிகர்கள் திரண்டு குரல் கொடுத்ததுபோல் பகாசுரன் வதம் விடுபட்டுப்போன ஊருக்காகக் குரல் எழுந்ததில்லை.

ஆகவே புதிய தொடர் பிழைக்குமா என்பதை முன்கூட்டி அறிய விரும்புவோர் அதன் முதல் பகுதியின் சண்டையைப் பார்ப்பதைவிட அதன் உரிமைப் பத்திரத்தைப் பார்ப்பது பயன்தரும். அதற்கடுத்து, அதில் ஆடியவர்கள் தொடர் நின்ற மறுநாள் எங்கே பயிற்சி செய்வார்கள் என்று பார்க்க வேண்டும். ஹாங்காங்கில் அதற்குப் பள்ளிகள் இருந்தன. தமிழ்ச் சின்னத்திரையில் சிலம்பம் பழகிய நடிகைக்கு அடுத்த தொடரில் மீண்டும் சமையலறைதான். சிலம்ப ஆசான்களும் கூத்து வாத்தியார்களும் தொடரின் பெயர்ப்பட்டியலில் ஒரு வரியாக வந்து போகிறார்கள். அவர்கள் ஊதியத்துடன் நிலையாக இருக்கும் ஓர் ஏற்பாட்டை இதுவரை எந்த அலைவரிசையும் செய்யவில்லை. அரசு விருதுகள் முதுமையில்தான் வருகின்றன.

படுகளத்தன்று துரியோதனன் மண்ணால் ஆன பேருருவாகத் தரையில் கிடப்பான். வேடமிட்ட துரியோதனனும் பீமனும் அவ்வுருவின்மேல் ஏறி ஓடி ஓடிப் பொருவார்கள். தொடையில் கதை விழும், செந்நீர் பெருகும், திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. கூட்டம் கலையும்போது மக்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய் நெற்குதிரில் இடுவது உண்டு. உரு கரைந்து களம் வெறுமையாகிறது. வாத்தியார் கிரீடத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் பேருந்து பிடிக்கிறார். அங்கே அன்றிரவு துகிலுரிதல்.